நாற்காலி போடாத கூட்டம்

நாற்காலி போட மறந்துவிட்டேன் என்றுதான் புதுச்சேரியில் பழைய வியாபாரிகளின் வீடுகளில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சின்னப் பெண், அனுபவம் போதாது, ஊரிலுள்ள பெரிய மனிதர்களையெல்லாம் கூப்பிட்டுக் கால் கடுக்க நிற்க வைத்துவிட்டாள் என்று. மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. நாற்காலிகள் பின்னறையில் இருந்தன, அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. இப்போது எனக்கு வயதாகிவிட்டது. மறதிக்காரி என்ற பெயரோடு போய்ச்சேர விருப்பமில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

அப்போது நான் ஒரு வியாபாரிகள் சங்கத்தில் வேலை பார்த்தேன். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் பகுதியில், ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விற்றுவிட்டுப் போன வீட்டில் சங்கம் இருந்தது. முன்னால் உயரமான கூரையோடு பெரிய ஹால், பக்கத்தில் வராந்தா, பின்னால் இரண்டு அறைகள். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. காகிதத்தில் ஊர் இன்னும் அவர்களுடையதுதான் என்று சிலர் ஆசையோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸுக்குப் பாதிக் கடிதம் பிரெஞ்சில் வரும், பாதி இங்கிலீஷில் வரும். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பிரெஞ்சு படித்து, பிறகு இங்கிலீஷ் டைப்பும் கற்றுக்கொண்ட ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நான் பிள்ளைச்சாவடி மீன்காரக் குடும்பத்துப் பெண் என்று அவர்களுக்குத் தெரியவந்தபோது என்னை வேலைக்கு எடுத்தாகிவிட்டது.

சங்கத்தின் செயலாளர் வெயில் காலத்திலும் கோட்டும் டையுமாக வருவார். அவரை முசியே என்றுதான் கூப்பிட வேண்டும், என்னை அவர் மத்மசேல் என்பார். தமிழர்தான், ஆனால் கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் வரும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

சங்கத்தின் முக்கியமான வேலை கூட்டம் போடுவது. ஊர் எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகளை எடுத்த பிறகு, சுற்றுவட்டாரத்தில் யாரையும் தெரியாமல் எங்கள் ஊர் வியாபாரிகள் காலம் தள்ள முடியாது என்று ஆகிவிட்டது. விழுப்புரத்து லாரிக்காரர், கடலூர் மொத்த வியாபாரி, தட்டாஞ்சாவடிப் பக்கம் பட்டறை போட நினைப்பவர் எல்லோரும் ஓரிடத்தில் கூடிப் பழக்கம் செய்துகொள்ள வேண்டும், அப்போதுதான் தொழில் பெருகும் என்று மதராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி சொன்னார். அழைப்பு அனுப்புவது, ஹாலைத் தயார் செய்வது, வந்தவர்களைக் கவனிப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது.

என் அம்மா மீன் விற்கிறவள். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு நடந்து, பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பாள். மீன் நிறையப் பட்டால் கடலுக்குப் போன ஆண்களுக்குச் சந்தோஷம். விற்கிற பெண்களுக்கு அன்றைக்குத்தான் கவலை. மார்க்கெட் அவ்வளவு மீனைத் தாங்காது, வெயில் ஏற ஏற மீன் தொய்ய ஆரம்பிக்கும். ஐஸ் போட்டால் மறுநாள் வரை வைத்து விற்கலாம், விழுப்புரம் லாரியில்கூட ஏற்றி அனுப்பலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஐஸ் ஒரே ஒரு தரகரிடம்தான் இருந்தது. வெயில் நன்றாக ஏறட்டும் என்று காத்திருந்துவிட்டு, சிரித்த முகத்தோடு அவர் கரைக்கு வருவார்.

"யக்கா, இன்னும் கொஞ்ச நேரம் போனா இது கருவாட்டுக்குக்கூட ஆவாது. நானே எடுத்துக்கறேன், குடுங்க" என்பார். அப்படித்தான் வஞ்சிரம் கருவாட்டு விலைக்குப் போகும்.

ஐஸ் கம்பெனி முதலாளியிடமே நேராக வாங்கிக்கொண்டால் என்ன என்று அம்மா அவரைக் கேட்டிருக்கிறாள். "மொதலாளி பொம்பளைங்களுக்கு ஐஸ் குடுக்கறதில்ல யக்கா, அது அவரு கொள்கை" என்று சொல்லிவிட்டார். அம்மா ஒரு தடவை கம்பெனி வாசல் வரை போயும் பார்த்தாள். எந்த ஏஜெண்டு ஆள் என்று கேட்டு வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த முதலாளியை நேருக்கு நேர் பார்த்து, எங்களுக்கு ஏன் ஐஸ் தரமாட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசை. ஐஸ் கிடைத்தால் பிழைத்தோம். கிடைக்காவிட்டால் கடைசி வரை தரகர் சொல்வதுதான் விலை.

முதல் கூட்டத்துக்குக் கரைப் பெண்களையும் கூப்பிடச் சொன்னார் அதிகாரி. அவர்கள் இல்லாமல் என்ன தொழில் கூட்டம் என்று கேட்டார். முசியேயும் தலையாட்டினார். அம்மா இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் தேய்த்துக் குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவையைக் கட்டி, கொண்டையில் பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வருவது போல் வந்திருந்தாள். ஹாலின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பார்த்து அவள் உட்காரப்போன நேரத்தில் முசியே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மத்மசேல், அவங்களுக்கு வராந்தாவில பாய் போடச் சொல்லுங்க. நாற்காலியில வாடை புடிச்சிட்டா அப்புறம் யாரும் உட்கார மாட்டாங்க."

மெதுவாகத்தான் சொன்னார். அந்த ஹாலில் மெதுவாகச் சொன்னாலும் சுவர் திருப்பிச் சொல்லும். அம்மா காதில் விழுந்துவிட்டது. திரும்பி வராந்தாவுக்குப் போனாள். பாயிலும் உட்காரவில்லை, கூட்டம் முடிகிற வரை தூணில் சாய்ந்து நின்றாள்.

உள்ளே ஐஸ் முதலாளி முதல் வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் தரகர். ஆரம்பித்ததிலிருந்து முடிகிற வரை முதலாளியின் காதுப் பக்கம் சாய்ந்தபடியே இருந்தார். மாலை போட்டார்கள், பேசினார்கள், மறுபடியும் பேசினார்கள், காபி கொடுத்தார்கள். காபி வராந்தாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதலாளியின் கார் கிளம்பிவிட்டது.

"இதுக்காடி வேல வெட்டிய உட்டுட்டு வந்தேன்?" என்று அம்மா கேட்டாள்.

மறுநாள் காலையில் முசியேயிடம் போய், "எங்க அம்மா உட்கார்ந்தா நாற்காலியில வாடை புடிக்கும்னா, நான் தினமும் உட்கார்ற நாற்காலியில என்ன புடிச்சிருக்கு?" என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. "நீங்க வேற மாதிரி, மத்மசேல்" என்றார். என்னைச் சமாதானம் செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

அதே நாள் மத்தியானம் தவளக்குப்பத்திலிருந்து எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். எண்ணெய் அடைக்க டின் செய்து தருகிறவர் யாரையாவது தெரியுமா என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. டின் பட்டறைக்காரர் முந்தின நாள் மாலை அதே ஹாலில் இவருக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். டின் வாங்க யாராவது வருவார்களா என்று பார்க்கத்தான் அவரும் வந்திருந்தார். அவர் தன் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மச்சானோடு பேசினார், இவர் தன் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனோடு பேசினார். வீட்டில் பேசினால் போதாதா? சொந்தக்காரரோடு பேசுவதற்கு எதற்குச் சங்கமும் அழைப்பும் ரோஜா மாலையும்?

அன்றைக்கு வெறும் ஹாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. முதலில் சோபா, அடுத்து பிரம்பு நாற்காலி, அப்புறம் மடக்கு நாற்காலி, பிறகு பெஞ்சு, அதற்கும் பிறகு வராந்தாப் பாய். யார் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே மரச்சாமான்கள் சொல்லி முடித்துவிடுகின்றன. உட்கார்ந்தவர் எழுந்து இன்னொருவரிடம் போனால் அவர் மரியாதை குறைந்துவிடுமாம். அதனால் யாரும் எழுந்திருப்பதில்லை. அம்மாவுக்கும் நல்ல நாற்காலி கொடு என்று கேட்டு நான் வருடம் முழுவதும் சண்டை போடலாம். அதைவிட ஒருவருக்கும் இல்லை என்று செய்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு உட்கார இடம் கொடுக்காமல் இருப்பது பெரிய அவமரியாதை. கடன் கேட்க வந்தவனைக்கூட உட்கார வைத்துத்தான் இல்லை என்று சொல்வார்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் புதுச்சேரியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. முசியே வாரம் ஒரு முறையாவது அதைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார். பிரெஞ்சுக் கவர்னர் மாளிகையில் விசேஷ நாட்களில் 'வேன் தொனேர்' என்று ஒரு விருந்து வைப்பார்களாம். கையில் கிளாஸோடு எல்லோரும் நின்றபடியேதான் பேசுவார்களாம், கவர்னரும் நின்றுகொண்டுதான் இருப்பாராம். முசியே ஒரு தடவை அதற்குப் போயிருக்கிறார்.

"அடுத்த கூட்டத்தை நம்ம சங்கத்தில அதுபோல வெச்சா என்ன, முசியே? இங்க அதெல்லாம் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்" என்றேன். அவர் கண்ணில் பளபளப்பு வந்தது. டையைச் சரிசெய்துகொண்டார்.

அதிகாரியிடம் வேறு விதமாகச் சொன்னேன். "சார், இந்த ஊர்ல பெரிய விருந்துன்னா நின்னுக்கிட்டேதான் நடக்கும். ரொம்ப நாளா அப்படித்தான்." அவர் பயந்த சுபாவம். இந்த ஊர்க்காரர்களின் பழக்கவழக்கத்தில் கை வைக்காதே என்று மேலே சொல்லி அனுப்பியிருந்தார்கள். "லோக்கல் கஸ்டம்னா அப்படியே இருக்கட்டும்மா. ஆனா ஒயின் கியின் ஒண்ணும் வேண்டாம், மதராஸ்ல பேப்பர்ல போட்டா என் வேலை போயிடும்" என்றார். எலுமிச்சை ஜூஸும் கலர் சோடாவும்தான் என்று உறுதி சொன்னேன். ஆக, ஒருவர் இது பிரெஞ்சு மரியாதை என்று சம்மதித்தார், இன்னொருவர் இது ஊர் வழக்கம் என்று சம்மதித்தார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கும் நாற்காலிதான் காரணம், இருவரும் தத்தம் ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்தால்தானே கேட்பதற்கு?

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மறுபடி அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள்.

"இந்த வாட்டி யாருக்குமே நாற்காலி கெடையாதும்மா."

"யாருக்குமேவா?"

"கவர்மெண்டு ஆபீசருக்குக்கூடக் கெடையாது."

என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பன்னா வரேன்" என்றாள்.

இரண்டாவது கூட்டம் மாசி மாதத்து மாலையில் நடந்தது. குடிப்பதற்கு உள்ளதை ஹாலின் ஒரு கோடியிலும், வடையையும் கேக்கையும் எதிர்க்கோடியிலும் வைத்தேன். வடை வேண்டுமென்றால் ஹாலைக் குறுக்கே நடந்துதான் தீரவேண்டும், நடக்கும்போது நாலு பேரை இடிக்காமல் போகமுடியாது. நான் வாசலில் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் உள்ளே காலை வைத்ததும் செய்த முதல் காரியம் நாற்காலியைத் தேடியதுதான். கோவிலுக்குள் வந்து சாமியைக் காணாதவர்கள் போல் திகைத்து நின்றார்கள். திகைப்புத் தெளிவதற்குள் ஒவ்வொருவரையும் அழைத்துப்போய் இன்னொருவர் எதிரில் விட்டேன்.

அதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள், அடுத்து யார் வீட்டுப் பிள்ளை என்பார்கள். அந்தப் பதிலிலேயே சாதி தெரிந்துவிடும், முகம் அதற்குத் தக்கபடி மலரும் அல்லது மூடிக்கொள்ளும். அந்தக் கேள்விக்கு நான் இடமே கொடுக்கவில்லை. "இவர்கிட்ட எண்ணெய் இருக்கு, அடைக்க டின் இல்லை. இவர் டின் செய்யறார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். "இவர் லாரி விழுப்புரத்திலிருந்து சரக்கோட வருது, திரும்பிப் போறப்ப காலியாப் போகுது. உங்ககிட்ட அனுப்ப மூட்டை இருக்கு." இவ்வளவுதான் அறிமுகம். பெயரை அவர்களே கேட்டுக்கொள்ளட்டும். பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தால் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள், அதனால் நிற்கமாட்டேன். சுவரோரம் ஒதுங்குகிறவர்களை மட்டும் விடாமல் இழுத்து வந்தேன். தட்டைக் கையில் பிடித்தபடி தனியாக நிற்பவருக்கு இருக்கிற அவமானம் எனக்குத் தெரியும், என் அம்மா ஒரு மாலை முழுவதும் அப்படி நின்றாள்.

ஹால் இரைய ஆரம்பித்தது. அந்த ஹாலில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் பேசி நான் கேட்டதில்லை. தரகர் மட்டும் தவித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலி என்று ஒன்று இருந்தால்தானே அதைப் பிடித்துக்கொள்ள முடியும்? அவர் முதலாளியின் காதருகே போவதற்குள் யாராவது குறுக்கே வந்தார்கள். நான்தான் அனுப்பினேன். ஆனால் அம்மாவை நான் முதலாளியிடம் கொண்டுபோகும்போதெல்லாம் அவரும் எப்படியோ நடுவில் வந்து நின்றார். "யக்கா, நீ போய் சோடா குடி, நான் பேசிக்கறேன்" என்று சொல்லி அம்மாவை இரண்டு தடவை திருப்பிவிட்டார். முதலாளிக்குக் கனத்த உடம்பு. கால் மாற்றி மாற்றி நின்றார். அவர் கிளம்பிவிட்டால் எல்லாம் போயிற்று.

அப்போதுதான் தரகர் அந்தக் காரியத்தைச் செய்தார். கால் வலித்ததோ, பழக்க தோஷமோ, வாசல் பக்கம் பார்த்து, "யாருப்பா அங்க, ஒரு நாற்காலி எடுத்தா" என்று கத்தினார். சங்கத்துக் காவல்காரர், வாசலில் தான் உட்காரும், ஒரு கை உடைந்த நாற்காலியைத் தூக்கிவந்து நடு ஹாலில் போட்டார். தரகர் அப்பாடா என்று உட்கார்ந்தார்.

ஹால் அடங்கிப்போனது. அவருக்கு எதிரில், அவருக்குப் படியளக்கிற முதலாளி, வயதில் மூத்தவர், நின்றுகொண்டிருந்தார். நாலு பேர் எதிரில் பெரியவரை நிற்க வைத்துவிட்டுக் கால் நீட்டி உட்காருவதை எங்கள் ஊரில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். தரகர் முகத்தில் ஈயாடவில்லை. தேள் கொட்டியது போல் எழுந்து, "மொதலாளி, நீங்க உட்காருங்க, உங்களுக்குத்தான் கொண்டாரச் சொன்னேன்" என்றார்.

"ஆபீசர் நிக்கறாரு, நான் எப்படிப்பா உட்கார்றது?" என்றார் முதலாளி. நாற்காலி அதிகாரியிடம் போயிற்று. அவர் இரண்டு கையையும் ஆட்டி, "ஐயையோ, லோக்கல் கஸ்டம், நான் உட்காரக்கூடாது. செக்ரட்டரி சார் உட்காரட்டும்" என்றார். நாற்காலி முசியேயிடம் வந்தது. முசியே சுற்றிலும் பார்த்தார். பாவம், அவருக்குத் தப்ப வழியில்லை. பெண்கள் நிற்கும்போது ஆண் உட்காருவது அவருடைய பிரெஞ்சு மரியாதையில் கிடையாது. கவர்னர் மாளிகை மரியாதை என்று ஊரெல்லாம் சொல்லி அழைத்ததே அவர்தான். அவருக்கு மிக அருகில் நின்ற பெண் என் அம்மா. அவர் நெற்றி வேர்த்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தன் கையாலேயே நாற்காலியைத் திருப்பி, லேசாகக் குனிந்து, "மதாம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் உட்கார்ந்தாள். அதுவும் எப்படி? ஒரு காலை மடக்கி நாற்காலி மேல் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, மார்க்கெட்டில் கூடைக்குப் பின்னால் உட்காருவதைப் போலவே உட்கார்ந்தாள். மார்க்கெட்டில் எப்போதும் அவள்தான் உட்கார்ந்திருப்பாள், வாங்க வருகிறவர்கள்தான் நிற்பார்கள். எத்தனை பெரிய வீட்டுக்காரரும் அவள் எதிரில் குனிந்துதான் விலை கேட்பார்.

"இன்னா மொதலாளி, நின்னுக்கினே இருக்கீங்க. இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலாளியும் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் வேணாம்மா. உனக்கு இன்னா வேணும் சொல்லு."

"ஐஸ் வேணும். எங்களுக்கு மட்டும் ஏன் குடுக்க மாட்டேன்றீங்க?"

"நான் எப்பம்மா குடுக்க மாட்டேன்னேன்? ஐஸ் வெச்சா பழைய மீனுன்னு ஜனங்க தொட மாட்டாங்க, எங்களுக்கு வாணாம்னு நீங்கதான சொன்னீங்களாம்?"

"நாங்களா சொன்னோம்? நீங்க பொம்பளைங்களுக்குக் குடுக்கறதில்ல, அது உங்க கொள்கைன்னு இல்ல எங்களாண்ட சொல்லி வெச்சிருக்குது?"

"எனக்கு ஏதும்மா கொள்கை? கைல காசு குடுத்தா யாருக்கும் குடுப்பேன். வெயில் காலத்தில பாதி ஐஸ் எனக்குக் கரைஞ்சு போவுது."

இருவரும் ஒரே நேரத்தில் தரகர் பக்கம் திரும்பினார்கள். அவர் லாரி வந்துவிட்டதா பார்த்துவருகிறேன் என்று சொல்லி வெளியே போனார். வாசலில் லாரி ஏதும் இல்லை. இத்தனை வருடம் இந்த இரண்டு பேரும் ஒரே ஊரில், ஒரே தொழிலில் இருந்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட எதிரெதிரே நின்று பேசவில்லை. பேசவிடாமல் பார்த்துக்கொள்வதே ஒருவருக்குப் பிழைப்பாக இருந்திருக்கிறது. நாளைக் காலையில் கம்பெனிக்கு ஆளை அனுப்பு, வாசலில் சொல்லிவைக்கிறேன் என்று முதலாளி சொன்னார். நானே வரேன் என்றாள் அம்மா.

வந்தவர்களில் பலர் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். எண்ணெய்க்காரரும் டின்காரரும் தெருவில் இறங்கிய பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் சங்கத்துக்கு வந்து அதைச் சொல்லவில்லை. கோபப்பட்டவர்கள்தான் வந்தார்கள். பெரிய மனிதர்களை நிற்க வைத்து, மீன்காரியை உட்கார வைத்தாள் என்று தரகர் கடை கடையாகப் போய்ச் சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்காவிட்டால், அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் சங்கத்தை விட்டு விலகிவிடுவார்களாம். முசியே என்னைக் கூப்பிட்டு, ஒரே ஒரு வார்த்தை, 'பார்தோன்' என்று சொன்னால் போதும், இல்லாவிட்டால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். யோசித்துச் சொல்ல நாலு நாள் கொடுத்தார்.

யோசித்தேன், பொய் சொல்லவில்லை. எங்கள் கரையில் படித்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான். கடலில் ஒன்றும் கிடைக்காத மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான். அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரையில் கூடை கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலைதான் முக்கியம், மன்னிப்புக் கேட்டுவிடு என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொன்னால் கேட்டும் இருப்பேன்.

அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ மன்னிப்பு கேட்டேன்னு வெய்யி. அவன் அங்கேர்ந்து நேரா எங்க போவான் தெரியுமா? ஐஸ் கம்பெனிக்குத்தான் போவான். பாத்தீங்களா மொதலாளி, அவ பொண்ணே தப்புன்னு ஒத்துக்கினா, இனிமே அதுங்களுக்கு ஐஸ் குடுக்காதீங்கம்பான். குடுக்கற மனுசன் கைய இழுத்துக்குவாரு."

"அப்ப வேலை?"

"உனக்குக் கை காலு இருக்குதில்ல?" என்றாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைப் படிக்க வைக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவள் தோள் குலுங்கியதையும் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அதோடு எனக்கு யோசனை தீர்ந்துவிட்டது.

மறுநாளே முசியேயின் மேஜை மேல் பின்னறைச் சாவியை வைத்தேன். "அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி போடுவீங்க. அப்போ முதல் வரிசையில எங்க அம்மாவுக்கும் ஒண்ணு போடுங்க, முசியே. போட்டதும் சொல்லி அனுப்புங்க. அன்னைக்கே வந்து யார்கிட்ட வேணும்னாலும் மன்னிப்பு கேக்கறேன்" என்றேன். கடைசி வரை எனக்கு ஆள் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் கரையில் மீன் கொட்டோ கொட்டென்று பட்டது. வெயில் ஏறுவதற்கு முன்பே அம்மாவும் நானும் கைவண்டியோடு ஐஸ் கம்பெனி வாசலில் நின்றோம். வாசலில் யாரும் எந்த ஏஜெண்டு ஆள் என்று கேட்கவில்லை. உமியைக் கொட்டி, ஐஸ் பாளங்களைச் சாக்கில் சுற்றி, வண்டியில் ஏற்றினோம். எனக்குப் பழக்கமில்லை, கை விரைத்துப்போய் விரல் மடங்கவில்லை. திரும்பும்போது வாசலை மறித்தாற்போல் தரகர் நின்றுகொண்டிருந்தார். நான் வண்டியைத் தள்ளுவதை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் அதே சிரிப்பு.

"இன்னா தங்கச்சி, இம்மாம் படிச்சிட்டு கடைசில வண்டி தள்ற நெலமைக்கு வந்துட்டியே. அருமையான வேல போச்சேன்னு வருத்தமா இல்ல?"

"போச்சுதாண்ணே" என்றேன். "வழிய உடுங்க, ஐஸ் கரையுது."